மலைவீட்டில் நாற்று விடுவது எப்படி? ஊட்டி, குன்னூர், கொடைக்கானலில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மலையேறி வந்து புதிதாகக் குடியிருப்பவர்கள் பலர் முதல் பனிக்காலத்திலேயே ஆசையோடு தக்காளி விதை போடுவார்கள். இரண்டு வாரம் கழித்து, "விதை பழசு போல, ஒன்றுகூட வரவில்லை" என்பார்கள். பெரும்பாலும் விதையில் குறை இருக்காது. தக்காளி விதை 25 டிகிரி சூட்டில் ஆறேழு நாளில் முளைக்கும். 15 டிகிரியில் அதற்கே இரண்டு வாரம் ஆகும். 10 டிகிரியில் நாற்பது நாளுக்கு மேல் இழுக்கும். அத்தனை நாள் ஈரத்தில் கிடக்கும் விதை முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வீட்டுக்குள்ளேயே பத்து டிகிரியை ஒட்டி இறங்கும் அறைகள் ஊட்டியில் உண்டு.

வீட்டுக்குள் நாற்று விட நினைப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்: விதை முளைக்கச் சூடு வேண்டும், முளைத்தது வளர வெளிச்சம் வேண்டும். மலைவீடுகளில் சூடான இடம் ஒன்று, வெளிச்சமான இடம் வேறு. அடுப்படி சூடாக இருக்கும், ஆனால் இருட்டாக இருக்கும். கண்ணாடி ஜன்னல் பகலில் பளிச்சென்று இருக்கும், இரவில் சில்லிட்டுப் போகும். விதைத்த தட்டை முதலில் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்து, முதல் முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்கு மாற்றப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சமவெளிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே வாசலில் ஒரு மேட்டுப்பாத்தி கட்டி விதையைத் தூவினால் போதும். இங்கே வெளியில் தூவிய விதையைச் சாரல் அடித்துக்கொண்டு போகும், மிச்சத்தை நத்தை தின்னும், அதற்கும் தப்பியது பனியில் கருகும். முதல் ஐந்தாறு வாரம் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினால் செடி தன் காலில் நிற்கும் பலத்தோடு தோட்டத்துக்குப் போகும்.

உங்கள் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது

மலை என்றால் எல்லா இடமும் ஒன்றல்ல. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டரை ஒட்டியது. குன்னூர் 1,850 மீட்டர், கோத்தகிரி ஏறக்குறைய அதே உயரம், கூடலூர் 1,000 மீட்டர் அளவுதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும். கூடலூரில் மிளகாய் நாற்றுக்கு எந்தப் பாதுகாப்பும் வேண்டாம். அதே விதையை ஊட்டியில் முளைக்க வைக்க அடுப்படி தேவைப்படும்.

உயரத்தோடு பள்ளம் மேட்டையும் பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலையில் மேட்டு வீட்டுக்காரர் தோட்டத்தில் வெறும் நீர்ப்பனிதான் இருக்கும். மழையும் அப்படித்தான். ஊட்டிக்கு மேற்கே ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை போட்டுச் சாத்தும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் மழை கனக்கும்.

சின்னதாக ஒரு வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்படி, கூடத்து ஜன்னல், படுக்கையறை அலமாரி என்று ஓரிரு இரவு இடம் மாற்றி வைத்து, விடியற்காலையில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துவையுங்கள். விதை உறையின் பின்னால் அச்சிட்டிருப்பதைவிட இந்தக் குறிப்பு உங்களுக்கு அதிகம் உதவும்.

எதற்கு நாற்று, எதற்கு நேரடி விதைப்பு

முட்டைகோஸ், காலிபிளவர், புரோக்கோலி, நூக்கல், சைனீஸ் கோஸ், லெட்யூஸ் இவைதான் தொடக்கக்காரருக்கு ஏற்றவை. 15 முதல் 20 டிகிரியில் பத்து நாளுக்குள் முளைத்துவிடும், குளிருக்கும் அவ்வளவாக அஞ்சாது. முதல் முறை கோஸும் லெட்யூஸும் மட்டும் போட்டுக் கை பழகட்டும் என்பது என் யோசனை. லீக், வெங்காயம் இரண்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளும், ஆனால் பிடிவாதமாக வளரும். தக்காளி, மிளகாய், குடைமிளகாய், இத்தாலியன் பேசில் இவை நான்கும் சூடு கேட்பவை. இவற்றை ஊட்டி உயரத்தில் முளைக்க வைப்பது ஒரு வேலை என்றால், மழையும் பனியும் படாமல் காய்க்க வைப்பது அதைவிடப் பெரிய வேலை. மழைமறைப்போ பசுமைக்குடிலோ இல்லாதவர்கள் இரண்டு மூன்று செடியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேரட், முள்ளங்கி, டர்னிப் மூன்றுக்கும் நாற்றே வேண்டாம். நாம் சாப்பிடும் பாகமே வேர்தான். பிடுங்கி நட்டால் அந்த வேர் வளைந்து, கிளைத்து, கவட்டைபோல் வரும். கேத்தி பாலாடாவிலும் பூம்பாறையிலும் கேரட் விவசாயிகள் பாத்தியில் நேரடியாக விதைத்து, பிறகு நெருக்கமானவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிடுவதைப் பார்க்கலாம். பீன்ஸ், பட்டாணிக்கும் நேரடி விதைப்புதான் நல்லது. பீட்ரூட் மட்டும் கொஞ்சம் இணங்கிப் போகும். சிறு நாற்றாக இருக்கும்போதே வேர் அசையாமல் நட்டால் பிடித்துக்கொள்ளும்.

வாசனைச் செடிகளில் ஆளுக்கொரு குணம். பார்ஸ்லி மூன்று நான்கு வாரம் எடுக்கும். விதையை ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் போட்டால் சற்று முந்தும். நடுவில் பொறுமை இழந்து தட்டைக் கொட்டிவிடாதீர்கள். தைம், ஓரிகானோ, செலரி மூன்றின் விதையும் தூசிபோல் இருக்கும், முளைக்க வெளிச்சமும் வேண்டும். மண்ணால் மூடவே கூடாது. ரோஸ்மேரியை விதையிலிருந்து கொண்டுவர நினைப்பது வீண் அலைச்சல். முளைப்பது குறைவு, வளர்வதும் மெதுவாகத்தான். தெரிந்தவர் வீட்டு வேலியிலிருந்து விரல் நீளக் குச்சி நாலைந்து வாங்கி, கீழ் இலைகளை உருவிவிட்டு, மணல் கலந்த மண்ணில் செருகி நிழலில் வையுங்கள். புதினாவுக்கும் தண்டு போதும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து, ஆழமான தொட்டியில் நேரடியாக விதைக்கவும். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு சீக்கிரமே பூத்துவிடும்.

எந்த மாதத்தில்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது கீழ்நாட்டுக் கணக்கு. நீலகிரி மலைக்காய் விவசாயிகள் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்றாகச் சொல்வார்கள். நீர்போகம் ஜனவரி, பிப்ரவரியில் நீர் பாய்ச்சித் தொடங்குவது. கார்போகம் ஏப்ரல், மே மாதக் கோடை மழையை நம்பியது. கடைபோகம் ஆகஸ்ட், செப்டம்பரில். வீட்டுத் தோட்டத்துக்கும் இதையே பிடித்துக்கொண்டு, நடும் நாளிலிருந்து ஐந்தாறு வாரம் பின்னால் எண்ணி விதைத்தால் சரியாக வரும். லீக், செலரி, மிளகாய்க்கு எட்டிலிருந்து பத்து வாரம் வேண்டும்.

தொடக்கக்காரருக்கு நான் சொல்வது பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ விதைத்து, கார்போகத்தோடு நடுவதைத்தான். உறைபனி விலகிக்கொண்டிருக்கும், வெயில் நன்றாக இருக்கும், நாற்று தயாராகும்போது கோடை மழையும் வந்து சேரும். ஜூன், ஜூலையில் விதைத்துக் கடைபோகத்துக்கு நாற்று எடுப்பதுதான் கடினம். ஊட்டிப் பக்கம் அப்போது நாள் கணக்கில் மேகமூட்டம். நாற்று வெளுத்து நெடுநெடுவென்று ஓடும். அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து மண்ணை உள்ளே கொண்டுவராதீர்கள்

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். தோட்டத்தில் கறுப்பாக, பொலபொலவென்று மண் இருக்கும்போது கடையில் விற்கும் தேங்காய் நார்க்கழிவுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மலைமண்ணில் காய்கறிக்குப் பகையானவை சில குடியிருக்கின்றன.

ஒன்று, கோஸ் குடும்பத்தைத் தாக்கும் வேர்வீக்க நோய். வேரெல்லாம் தடித்து உருண்டு, செடி பகலில் வாடி மாலையில் எழும், கடைசியில் எழாமலே போகும். புளிப்பு மண்ணும் ஈரமும் அதற்குப் பிடிக்கும். நம் மலைமண் இரண்டும் உடையது. அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டு உயிரோடு இருக்கும். முன்பு கோஸ் விளைந்த பாத்தியிலிருந்து ஒரு கூடை மண் எடுத்து நாற்றுத் தட்டில் நிரப்பினால், நோயை நீங்களே சின்னச் செடிக்கு ஊட்டி, தோட்டத்தின் புது மூலைக்கும் கொண்டுபோய் நட்டதாகும்.

இன்னொன்று உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு. 1961-இல் ஊட்டியில் உருளைத் தோட்டங்களில் இது கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கடுகை விடச் சிறிய கூடுகளுக்குள் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். இதனால்தான் நீலகிரி விதைக்கிழங்கை வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடை வந்தது. தக்காளியும் கத்தரியும் உருளையின் உறவுகள்; அவற்றின் வேரிலும் இது பிழைக்கும். ஆகவே உருளை விளைந்த மண்ணும் வேண்டாம்.

நாற்றுக்கு நல்ல கலவை எளியது. தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்றாக மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவு பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டியாக மேலே வருகிறது; உரக்கடைகளில் கிடைக்கும். கட்டியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் பல மடங்கு உப்பிவரும். அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசிப் பிழிந்துகொள்ளுங்கள். கையில் இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், அதற்கு மேல் ஒழுகக் கூடாது. மண்புழு உரத்தைச் சலித்து, அதோடு டிரைக்கோடெர்மா விரிடி பொடி ஒரு தேக்கரண்டி கலந்து ஒரு வாரம் நிழலில் மூடிவைத்தால் நாற்றழுகலுக்கு நல்ல காவல். இந்தப் பொடி உயிருள்ள பூஞ்சை என்பதால் காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

தட்டும் தொட்டியும்

விவசாயிகள் வாங்கும் 98 குழித் தட்டு வீட்டுக்குச் சற்றுப் பெரிது, குழியும் சிறிது. 50 குழித் தட்டு கிடைத்தால் வாங்குங்கள். பல ஆண்டு உழைக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், டம்ளரையும் பாட்டிலையும் அறுத்துத் தொட்டியாக்கும் யோசனைகளை விட்டுவிடலாம். பழைய பிஸ்கட் டின், மீன் வரும் தெர்மாகோல் பெட்டி, செய்தித்தாளைச் சுருட்டி அடிமடித்த கூம்பு, எல்லாம் ஆகும். தண்ணீர் வடிய அடியில் துளை இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கட்டாயம். பழைய தட்டுகளை வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவிட்டுப் பயன்படுத்துங்கள்.

விதைக்கும் நாள்

ஈரக் கலவையைக் குழிகளில் நிரப்பி, தட்டை இரண்டு முறை தரையில் லேசாகத் தட்டுங்கள், விரலால் அமுக்காதீர்கள். விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். கோஸ், தக்காளிக்கு அரை சென்டிமீட்டர். லெட்யூஸை மேலே தூவி, மூடியும் மூடாததுமாக ஒரு சிட்டிகை கலவை. செலரி, தைம் விதையை ஈரக் கலவை மேல் வைத்து விரல் நுனியால் ஒற்றிவிடுவதோடு சரி. குழிக்கு இரண்டு விதை போட்டு, முளைத்ததும் நோஞ்சானைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.

உறையில் உள்ள விதை முழுவதையும் போட்டுவிடக் கூடாது. ஒரு கிராம் கோஸ் விதையில் இருநூறுக்கு மேல் இருக்கும். உரக்கடையில் விற்கும் பத்து கிராம் பாக்கெட் விவசாயிக்கானது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு தடவைக்கு எட்டுப் பத்து கோஸ் நாற்று மிகுதி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் எல்லாக் கோஸும் ஒரே வாரத்தில் வந்து நிற்காது. மீதி விதையை அக்கம்பக்கத்தாரோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள். விதை ஊதா, சிவப்பு என்று சாயமேறி இருந்தால் பூஞ்சைக்கொல்லி பூசியது என்று பொருள். கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு வரிசைக்கும் பெயரும் தேதியும் எழுதிய குச்சி ஒன்று செருகுங்கள். இரண்டு இலைப் பருவத்தில் கோஸும் காலிபிளவரும் நூக்கலும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். பெயர் இல்லாவிட்டால் பிரித்துச் சொல்ல முடியாது.

முளைக்கும் வரை சூடு

அடுப்படி மேல் அலமாரி, ஃபிரிட்ஜின் தலை, விறகு பாய்லர் இருக்கும் குளியலறையின் உலர்ந்த மூலை, இவைதான் மலைவீட்டின் சூடான இடங்கள். கணப்பு எரியும் வீடென்றால் அதற்கு நேர் எதிரே வேண்டாம். பக்கச் சுவரில் கை வைத்துப் பார்த்து வெதுவெதுப்பாக இருக்கும் இடத்தில் வையுங்கள். தக்காளி, மிளகாய்க்கு இன்னும் நல்ல வழி உண்டு. மூடியுள்ள தெர்மாகோல் பெட்டிக்குள் தட்டை வைத்து, பக்கத்தில் வெந்நீர் நிரப்பிய எவர்சில்வர் தூக்கோ ரப்பர் பையோ வைத்து மூடுங்கள். இரவு படுக்கும்போது ஒருமுறை, காலையில் ஒருமுறை மாற்றினால் பெட்டி பெரும்பாலான நேரம் இருபது டிகிரிக்கு மேலேயே நிற்கும். பாத்திரம் தட்டைத் தொடாமல் இருக்கட்டும்.

கோஸ் வகைக்கு இவ்வளவு உபசாரம் வேண்டாம், அடுப்படி அலமாரி போதும். லெட்யூஸுக்குச் சூடு கூடினால் ஆபத்து. முப்பது டிகிரியை நெருங்கினால் விதை உறங்கிவிடும், பிறகு எழுப்புவது கடினம். அதைக் குளிர்ந்த கூடத்திலேயே வையுங்கள். 15 டிகிரியில் நாலே நாளில் முளைக்கும். செலரியும் தைமும் வெளிச்சத்தில் முளைப்பவை என்பதால் இருட்டு அலமாரி அவற்றுக்கு ஆகாது.

தட்டின் மேல் கண்ணாடியோ ஈரத்துணியோ போட்டு மூடி, தினம் காலையில் திறந்து பாருங்கள். மண்ணைப் பிளந்துகொண்டு ஒரே ஒரு வெள்ளை வளைவு தெரிந்தாலும் மூடியை எடுத்துவிட்டு, அன்றே ஜன்னலுக்கு மாற்றுங்கள். எல்லாம் முளைக்கட்டும் என்று இன்னும் ஒரு நாள் இருட்டில் விட்டால், அந்த ஒரு நாளில் தண்டு நூலாக நீண்டுவிடும். அப்படி நீண்ட கோஸ் நாற்று பிறகு நிமிர்ந்து நிற்பதில்லை.

எந்த ஜன்னல்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் தெற்கு ஜன்னல் என்று போட்டிருக்கும். நமக்கு அது பாதி உண்மை. ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து பதினொன்றரை டிகிரிதான் வடக்கே. கொடைக்கானல் இன்னும் தெற்கே. அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னலில் நல்ல வெயில் விழும். ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடும். அப்போது தெற்கு ஜன்னலில் நேர் வெயிலே இராது. வடக்கு ஜன்னல் வெளிச்சமாக இருக்கும். ஆண்டு முழுவதும் நம்பத் தகுந்தது கிழக்கு ஜன்னல். மலையில் பெரும்பாலும் காலையில் வெளுத்து, பிற்பகலில் மேகம் ஏறும் என்பதால் காலை வெயிலைப் பிடிப்பவருக்கே லாபம்.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. டிசம்பரில் நமக்குப் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. ஐரோப்பாவில் அப்போது எட்டு மணி நேரப் பகல், அதுவும் மங்கல். அதனால்தான் அங்கே விளக்கு இல்லாமல் நாற்று விட முடிவதில்லை. நம் பனிக்காலப் பகல் பளீரென்று இருக்கும். அந்த மாதங்களில் ஜன்னல் போதும், விளக்கு வேண்டாம். இரவில் மட்டும் தட்டைக் கண்ணாடியை விட்டு அறைக்குள் தள்ளி வைத்து, திரையை இழுத்துவிடுங்கள்.

விளக்கு தேவைப்படுவது சாரல் மாதங்களில். சாதாரண நாலடி எல்இடி பட்டை விளக்கு, 20 வாட், வெள்ளை வெளிச்சம், அதுவே போதும். நாற்றின் தலையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, செடி வளர வளர உயர்த்துங்கள். கூரையில் எரியும் விளக்கால் பயனில்லை. தினம் 14, 15 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒன்பது யூனிட்தான் ஆகும். பக்கவாட்டில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் சிதறும் வெளிச்சமும் செடிக்கே திரும்பும்.

ஜன்னல் நாற்று வெளிச்சத்தின் பக்கம் சாயும். தினம் தட்டைத் திருப்பி வையுங்கள். திருப்பும்போது உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெல்லத் தடவிவிடுங்கள். காற்றில் அசைந்த செடிபோல் தண்டு குட்டையாக, தடிப்பாக வளரும். ஜன்னலுக்கு வலைக்கம்பி இல்லாத வீட்டில் குரங்கு தட்டோடு தூக்கிக்கொண்டு போகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தண்ணீர்: குறைவாகத்தான்

மலையில் நாற்று காய்ந்து சாவது அபூர்வம், அழுகிச் சாவதுதான் அதிகம். நேற்று மாலை நன்றாக நின்ற நாற்று இன்று காலை மண்ணோரத்தில் நூலாய் இற்று, சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். பித்தியம் முதலான பூஞ்சைகளின் வேலை. ஈரம், குளிர், அசையாத காற்று மூன்றும் சேர்ந்தால் ஒரே இரவில் தட்டில் வட்டமாகப் பரவும். விழுந்ததை எழுப்ப வழி கிடையாது. அந்தப் பகுதியை மண்ணோடு கரண்டியால் அள்ளி வெளியே எறிந்துவிட்டு, மீதிக்கு இரண்டு மூன்று நாள் தண்ணீரை நிறுத்தி, காற்றுப் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

வராமல் தடுப்பது எளிது. மேல்மண் வெளிறிய பிறகே தண்ணீர். பூவாளியால் தலையில் ஊற்றாமல், தாம்பாளத்தில் ஒரு விரற்கடை நீர் விட்டுத் தட்டை அதில் அரை மணி நேரம் வைத்தால் தேவையானதைக் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மிச்ச நீரைக் கொட்டிவிட வேண்டும். காலையில் மட்டும் ஊற்றுங்கள். டிசம்பரில் குழாய்நீர் கையைக் கடிக்கும் குளிரில் வரும். முந்தின நாளே குடத்தில் பிடித்து அறைக்குள் வைத்த நீரைப் பயன்படுத்துங்கள். மண்மேல் சின்னச் சின்னக் கறுப்புக் கொசுக்கள் பறந்தால் தண்ணீர் அதிகம் என்று பொருள்.

முதலில் வரும் இரட்டை இலை விதையிலை. அதற்குப் பிறகு, செடியின் சொந்தச் சாயலோடு வருவதுதான் நிஜ இலை. நிஜ இலை இரண்டு வந்ததும் டின்னில் நெருக்கமாக விதைத்தவற்றைத் தனித்தனித் தொட்டிக்கு மாற்றலாம். இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டை நசுக்காதீர்கள். மண்புழு உரத்தைத் துணியில் முடிந்து ஓர் இரவு ஊறவைத்த நீரை, தேநீர் நிறத்துக்கு நீர்த்து, வாரம் ஒருமுறை கொடுத்தால் போதிய உணவாகும்.

வெளியில் பழக்குவது

வீட்டுக்குள் வளர்ந்த நாற்றை நேரே தோட்டத்தில் நட்டால் உயர மலையின் வெயிலில் இலை வெளுத்துக் கருகும். ஏழு முதல் பத்து நாள் பழக்க வேண்டும். முதல் நாள் தாழ்வார நிழலில் ஒரு மணி நேரம். பிறகு நேரத்தைக் கூட்டி, காலை வெயிலுக்கு நகர்த்தி, கடைசி இரண்டு நாள் இரவிலும் வெளியில் விடலாம், பனி இல்லாவிட்டால்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அந்தக் கடைசிப் பகுதியில் கவனம் வேண்டும். உறைபனி எந்த இரவில் விழும் என்று மாலையிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். வானம் துப்புரவாக, காற்று அசையாமல், சூரியன் மறைந்ததும் சட்டென்று குளிர் ஏறினால் அன்றைக்கு நாற்று உள்ளேதான் தூங்க வேண்டும். மேகம் மூடிய இரவு தரையின் சூட்டைப் போக விடாது, பயமில்லை. பழகிய கோஸ் நாற்று லேசான பனியைத் தாங்கும். தக்காளி, மிளகாய், பேசில் ஓர் இரவில் கறுத்துவிடும். செலரிக்கு வேறொரு சிக்கல்: சாகாது, ஆனால் சின்ன வயதில் பத்துப் பன்னிரண்டு நாள் கடுங்குளிரில் நின்றால் தண்டு தடிக்காமல் பூத்தண்டு போட்டுவிடும். அதைக் கடைசியாக வெளியே கொண்டுபோங்கள்.

நட்ட பிறகு பனி வந்தால் மூடத்தான் வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் நாற்றுகள் மேல் கோத்தகிரி மிலாறு என்ற செடியின் கிளைகளைக் குத்திவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் சாக்கோ பழைய வேட்டியோ போதும். இலையைத் தொடாமல் குச்சி நட்டு அதன் மேல் விரித்து, காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

நடவு

நடுவதற்கு முன்பே பாத்தியில் டோலமைட் சுண்ணாம்பு கலந்து சில வாரம் விட்டிருந்தால் புளிப்பு குறைந்து கோஸ் நன்றாக வரும். எவ்வளவு என்பது மண் பரிசோதனையைப் பொறுத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருக்கின்றன; தயங்காமல் போய்க் கேளுங்கள்.

மேகமான பிற்பகலில் நடுங்கள். நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தட்டுக்குத் தண்ணீர் காட்டினால் வேர்க்கட்டி உடையாமல் முழுசாக வரும். கோஸுக்கு ஒன்றரை அடி இடைவெளி, லெட்யூஸுக்கு ஓரடி. தக்காளியைக் கீழ் இலை வரை ஆழப் புதைத்தால் தண்டிலிருந்தும் வேர் விடும். லீக்குக்குக் குச்சியால் ஒரு சாண் ஆழத்துக்குத் துளை போட்டு நாற்றை உள்ளே இறக்கி, மண் தள்ளாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். மழையில் மண் தானாகச் சரிந்து மூடி, தண்டு வெள்ளையாக நீளும். கோஸ் நாற்றின் அடியைச் சுற்றி மூன்று விரல் அகலக் காகிதப் பட்டை ஒன்றைப் பாதி மண்ணில் புதைத்து வைத்தால், இரவில் தண்டை அறுக்கும் வெட்டுப்புழுவிடமிருந்து தப்பும். நத்தைக்குச் சாம்பல் தூவுவார்கள். மழையில் நனைந்ததும் அது பயன்படாது. டார்ச் எடுத்துக்கொண்டு இரவு எட்டு மணிக்குமேல் ஒரு சுற்று வந்து பொறுக்குவதே நிச்சயமான வழி. காட்டெருமை நடமாட்டம் உள்ள இடமென்றால் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுவிட்டு, விளக்கில்லாமல் இறங்காதீர்கள்.

மீந்த விதையை உறையோடு மடித்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, வெறும் வாணலியில் வறுத்து ஆறிய ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து கூடவே வையுங்கள். மலைமூட்டத்தின் ஈரம்தான் விதையின் ஆயுளைக் குறைப்பது. இப்படி வைத்தால் கோஸ், தக்காளி விதை மூன்று நான்கு ஆண்டு வரும். வெங்காயம், லீக், பார்ஸ்லி விதையை மறு ஆண்டே போட்டு முடித்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி அடுப்படியில் வைத்துப் பாருங்கள். ஆறுக்குக் குறைவாக முளைத்தால் புது பாக்கெட் வாங்கிக்கொள்வது நல்லது.